மாத்தூர் பாலம் முதல் மருந்துவாழ் மலை வரை: சாதனை எண்களைச் சரிபார்க்கும் முறை

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கால்வாய்த் தண்ணீரைத் தூண்கள் மேல் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலம் என்றால் உடனே வருவது “ஆசியாவிலேயே உயரமானது, நீளமானது” என்ற வரி. கூடவே மூன்று எண்கள்: உயரம் 115 அடி, நீளம் 1 கி.மீ., தூண்கள் 28. இவற்றை ஒன்றோடொன்று உரசிப் பார்த்தாலே சந்தேகம் வந்துவிடும். 28 தூண் என்றால் 29 இடைவெளி. ஒரு கிலோமீட்டரை 29-ஆல் வகுத்தால் தூணுக்குத் தூண் 34 மீட்டருக்கு மேல் வர வேண்டும். பறளியாற்றுப் பக்கம் படியிறங்கி நின்று பார்த்தால் தூண்கள் அவ்வளவு தள்ளி இல்லை என்பது வெறும் கண்ணுக்கே தெரியும். செயற்கைக்கோள் படத்தில் தொட்டியின் இரு முனைகளைக் குறித்து அளந்தால் அரைக் கிலோமீட்டர்கூட வராது. இரண்டு கரையிலும் மண்ணில் ஓடும் கால்வாயையும் சேர்த்தால்தான் கிலோமீட்டர் கணக்கு எட்டும். அப்படிச் சேர்த்தால் அது பாலத்தின் நீளம் ஆகாது.

நேரில் அளப்பவர்கள் 30 மீட்டர் நாடாவை எடுத்துக்கொண்டு, முதல் தூணின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை பிடியுங்கள். ஓரிடத்தில் அளந்து பெருக்குவது போதாது, மூன்று நான்கு இடங்களிலாவது பாருங்கள். உயரத்துக்கு நடைபாதையிலிருந்து ஈயக்குண்டு கட்டிய தங்கூசி (நைலான் மீன்பிடி நூல்) போதும். ஆனால் தங்கூசி பாரத்தில் இழுபடும். அதனால் மேலே முடிச்சுப் போட்டுக் குறித்துக்கொண்டு, அளக்கும்போதும் அதே குண்டைத் தொங்கவிட்டே அளக்க வேண்டும். காற்று வீசும் பிற்பகலில் நூல் வளைந்து நீளம் கூடிக் காட்டும், காலையில் செய்வது நல்லது. கீழே ஆள் நிற்காததை உறுதிசெய்த பிறகே குண்டை இறக்குங்கள்.

“ஆசியாவிலேயே” என்ற பட்டத்துக்கு வேறு வகைச் சோதனை. பாலம் முடிந்தது 1966-இல். இன்றைக்கும் அது முதலிடம் என்றால் அதன் பிறகு கட்டியவற்றையும் பார்க்க வேண்டும். சீனாவில் தெற்கிலிருந்து வடக்கே தண்ணீர் கொண்டுபோகும் திட்டத்தின் நடுவழிக் கால்வாயில், ஹெனான் மாகாணத்திலுள்ள ஷாஹே தொட்டிப்பாலம் மொத்தம் 12 கிலோமீட்டரை நெருங்குகிறது. அந்த வழி 2014-இல் திறந்தது. ஆக நீளப் பட்டம் இன்று நிற்காது. ஆண்டு குறிக்காத சாதனைக்கு நான் மதிப்பே தருவதில்லை. மாத்தூரின் பெருமை அந்தப் பட்டத்தில் இல்லை. வறண்ட ஊர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனதில் இருக்கிறது.

மலைகளுக்கு வந்தால் உயரம்தான் பெரிய சிக்கல். மருந்துவாழ் மலைக்கு இணையத்தில் ஆளுக்கொரு எண் கொடுக்கிறார்கள். நம் மாவட்டத்தில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. ஜிபிஎஸ் நேரடியாகத் தருவது, பூமியின் வடிவுக்குக் கணிதத்தில் வைத்துக்கொண்ட நீள்வட்டப் பரப்பிலிருந்து உயரம், கடல்மட்டத்திலிருந்து அல்ல. உலகிலேயே இந்த இரண்டுக்கும் இடைவெளி மிக அதிகமான பகுதி இலங்கைக்குத் தெற்கேயுள்ள இந்தியப் பெருங்கடல். அதன் பக்கத்திலிருக்கும் குமரியிலும் வித்தியாசம் 90 மீட்டருக்கு மேல். திருத்தம் செய்யாத செயலி கடற்கரையில் நிற்கும்போதே மைனஸ் 90-க்குக் கீழே காட்டும், மலையுச்சியையும் அதே அளவு குறைத்துக் காட்டும். எனவே முதலில் கன்னியாகுமரி கரையில் நின்று எண்ணைப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் செயலி திருத்திவிட்டது.

காற்றழுத்தம் குறைவதைப் பார்த்து உயரம் சொல்லும் கைக்கடிகாரத்திலும் கவனம் வேண்டும். நம் பக்கத்தில் காலை 10 மணியளவில் அழுத்தம் கூடி, மாலை 4 மணியளவில் குறையும். வித்தியாசம் சுமார் 3 மில்லிபார். ஒரு மில்லிபாருக்கு ஏறத்தாழ எட்டரை மீட்டர் என்பதால், ஒரே பாறையில் உட்கார்ந்திருந்தாலும் 25 மீட்டர் ஏறியதாகக் காட்டிவிடும். அடிவாரத்தில் ஒரு முறை, இறங்கியதும் மறுபடி ஒரு முறை குறித்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நேரத்துக்கு ஏற்பப் பங்கிட்டுக் கழிக்க வேண்டும்.

மருந்துவாழ் மலையை “மேற்குத் தொடர்ச்சியின் கடைசி மலை” என்பதும் இப்படியே. அதைவிடக் கடலுக்கு அருகே முருகன்குன்றம் இருக்கிறது. குன்றைக் கணக்கில் சேர்ப்பதா என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பட்டம் கொடுக்க முடியும்.

தூரத்தில் வேறு குழப்பம். சிவராத்திரியையொட்டி பக்தர்கள் சிவன் கோயில்களுக்கு ஓடிப் போகும் சிவாலய ஓட்டத்தின் 12 கோயில்களுக்கு 80 முதல் 110 கிலோமீட்டருக்கு மேல் வரை எழுதுகிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. பழைய ஒத்தையடிப் பாதை, தார்ச்சாலை, குறுக்குவழி ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. திருமலை வாசலில் தொடங்கி திருநட்டாலம் வாசலில் முடிக்கும் 11 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த வழி என்று எழுதுங்கள். காளிகேசம் மாதிரி அடர்ந்த மரநிழலில் ஜிபிஎஸ் தடம் இங்குமங்கும் துள்ளித் தூரத்தைக் கூட்டும். பேட்டரிக்காகப் பல விநாடிக்கு ஒரு புள்ளி என்று வைத்தால் வளைவுகளை வெட்டிக் குறைக்கும். ஒரு விநாடிக்கு ஒரு புள்ளி வைத்துப் பதிவுசெய்யுங்கள்.

அதிவேக ஏற்றம் என்று யாராவது சொன்னால் செயலியின் திரையைப் பிடித்த படத்தை ஏற்காதீர்கள், ஜிபிஎஸ் தடம் பதிவாகும் ஜிபிஎக்ஸ் கோப்பைக் கேளுங்கள். அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் நேரம் இருக்கும், அது உலகப் பொது நேரம் என்பதால் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். அதிகாலை 4:50-க்கு ஏறியவரின் கோப்பில் முந்தைய நாள் 23:20 என்று இருந்தால் அது சரியே, மோசடி அல்ல. சந்தேகப்பட வேண்டியது, ஏற்றத்தின் நடுவே பல நிமிடம் புள்ளியே இல்லாமல் நேர்க்கோடு போகும் இடத்தையும், செங்குத்துப் படியில் சமவெளி ஓட்ட வேகம் வரும் இடத்தையும். தண்ணீர், பழம் கொடுக்க வழியில் ஆள் இருந்தாரா என்பதையும் கேட்டு, துணையோடு ஏறியவர், தனியாக ஏறியவர் என்று இரண்டு பட்டியலாக வையுங்கள்.