ஒரு சேர்வ்லெட், பல வாடிக்கையாளர்கள்

திருகோணமலை உவர்மலையிலுள்ள எங்கள் வீட்டில், பயிற்சிக்காக எழுதிய வங்கிச் செயலியொன்றை இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் திறந்து சோதித்துக்கொண்டிருந்தபோது, தங்கையின் திரையில் என்னுடைய கணக்கு இலக்கம் தோன்றியது. தரவுத்தளம் சரியாகவே இருந்தது. பிழை நான் எழுதிய சேர்வ்லெட்டில் இருந்தது.

உலாவி அனுப்பும் கோரிக்கையைச் சேர்வர் பக்கத்தில் பெற்றுப் பதிலளிக்கும் ஜாவாக் கூறே சேர்வ்லெட். வழமையாக அதன் ஒரேயொரு பிரதியே நினைவகத்தில் இருக்கும். வருகின்ற கோரிக்கைகள் அனைத்தும், தனித்தனி இழைகளில் (ஒரே நேரத்தில் இணையாக ஓடும் வேலை வரிசைகளில்) ஓடினாலும், அந்த ஒரே பிரதியையே பயன்படுத்தும். கணக்கு இலக்கத்தை, அந்தப் பிரதிக்கே உரிய, எல்லாக் கோரிக்கைகளும் பகிரும் வகுப்பு மட்டத்து மாறியில் நான் வைத்திருந்ததால், என் கோரிக்கை எழுதிய பெறுமதியைத் தங்கையின் கோரிக்கை வாசித்துவிட்டது. அந்த மாறியை, ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியாக இயங்கும் செயன்முறைக்குள் (method) நகர்த்தியதும் குழப்பம் நீங்கியது. ஒருவர் தனியாகச் சோதிக்கும்போது இப்பிழை வெளிப்படாது என்பதே என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது.

பணமாற்றத்துக்கு, தகவலைப் பெறுவதற்கான 'கெட்' (GET) கோரிக்கை பொருந்தாது, தரவைச் சமர்ப்பிப்பதற்கான 'போஸ்ட்' (POST) கோரிக்கையே வேண்டும். அதுவும் போதாது. இணைப்பு மந்தமாகும்போது பொறுமையிழந்தவர் பொத்தானை மீண்டும் அழுத்துவார். 5,000 ரூபா இருமுறை கழிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு படிவத்துடனும் ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் இலக்கமொன்றை அனுப்பி, அதே இலக்கம் மறுபடி வந்தால் தரவுத்தளமே ஏற்க மறுக்கும்படி அமைத்தேன். படிவத்தில் வரும் கணக்கு இலக்கம் உள்நுழைந்தவருக்குத்தான் உரியதா என்பதையும் ஒவ்வொரு முறையும் சேர்வரிலேயே சரிபார்க்கிறேன். உலாவியிலிருந்து வருவதை எவரும் மாற்றி அனுப்பலாம்.