மண்டபம் கரையில் எந்தத் தாளை முதலில் நீட்டுவது

இலங்கைப் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் இனம் என்று ஒரு கட்டம் உண்டு. மலையகம் என்னும் இலங்கைத் தோட்டப் பகுதியிலிருந்து வந்தவர்கள் பலருக்கு அதில் 'இந்தியத் தமிழர்' என்று எழுதியிருக்கும். அந்த வார்த்தையைக் காட்டினால் இங்கே குடியுரிமை கிடைத்துவிடும் என்று நம்புவதுதான் மண்டபத்திலோ இராமேசுவரத்திலோ இறங்கியவர்கள் செய்யும் முதல் தவறு. கிடைக்காது. அது இனத்தைச் சொல்கிறது, நாட்டைச் சொல்லவில்லை. இங்கே தாலுகா ஆபீஸில் இனத்தைக் கேட்பதில்லை. எந்த நாட்டுக் குடிமகன், என்ன மதம், என்ன சாதி என்று கேட்பார்கள். மூன்றுக்கும் தனித்தனியே ஆதாரம் வேண்டும்.

கப்பலில் வந்தவர் வேறு, படகில் வந்தவர் வேறு. 1964 அக்டோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, குடியுரிமை இல்லாதிருந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று முடிவானது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள், தேங்காய் எண்ணிப் பிரிப்பதுபோல. அந்தக் கணக்கில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்கள் இந்தியக் கடவுச்சீட்டோடும் குடும்ப அட்டையோடும் வந்த குடிமக்கள். 'தாயகம் திரும்பியோர்' என்பது அரசு வைத்த பெயர். 1983க்குப் பிறகு உயிர் பிழைக்கப் படகில் வந்தவர்கள் அகதிகள். அவர்கள் இருக்கும் இடத்தை 2021 முதல் மறுவாழ்வு முகாம் என்கிறது தமிழக அரசு. பெயர்ப்பலகை மாறினாலும் குடியுரிமை நிலை மாறவில்லை. அங்கே கள்ளத்தோணி, இங்கே சிலோன்காரர் என்று ஊர் இரண்டு வகையினரையும் ஒரே பெயரில் கூப்பிடும். சட்டம் அப்படிப் பார்க்காது.

வித்தியாசம் எங்கே கடிக்கும் என்பதை இந்திய அரசியலமைப்பின் வார்த்தைகளிலேயே பார்க்கலாம். சட்டத்தின் முன் சமம் என்னும் 14ஆம் பிரிவு, உயிரையும் உடல் சுதந்திரத்தையும் காக்கும் 21, ஆள் விற்பனையையும் கட்டாய வேலையையும் தடுக்கும் 23, மதச் சுதந்திரம் தரும் 25 ஆகியவை 'எவரும்', 'எல்லோரும்' என்ற பொருளில் எழுதப்பட்டவை. முகாமில் இருப்பவருக்கும் பொருந்தும். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவும் குடிமகனா என்று கேட்பதில்லை. ஆனால் 15, 16, 19 மூன்றும் 'குடிமக்கள்' என்று குறித்துச் சொல்பவை. அரசு வேலையில் சம வாய்ப்பு, இடஒதுக்கீடு, விரும்பிய ஊரில் குடியிருக்கும் உரிமை எல்லாம் அந்த மூன்றுக்குள் அடக்கம். முகாமை விட்டு வெளியூர் போக அனுமதி கேட்க வேண்டியிருப்பதன் வேர் இங்கே இருக்கிறது.

குடியுரிமைக்குப் பிறந்த தேதிதான் பிடி. 1955 குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே குடிமகன். மண்டபம் முகாமில் பிறந்தவருக்கும் இதுவே. 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை ஒரு கடவுச்சீட்டு வழக்கில் உறுதி செய்தது. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குத் தாய் தந்தையில் ஒருவராவது அப்போது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது என்பதும் சேர்ந்துகொண்டது. ஆகவே முகாமில் பிறந்த பிள்ளைகளின் பிறப்புச் சான்றைத் தண்ணீர் படாமல் வையுங்கள். இலங்கைக்கே திரும்பும் எண்ணம் இருந்தால், பிள்ளை பிறந்து ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். தள்ளிப்போட்டால் அலைச்சல்.

23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய வேலைக்கும் அதற்கு முந்தைய அடிமை முறைக்கும் வருவோம். இந்தியாவில் 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. இலங்கையில் 1844இல் அடிமைத்தனம் ஒழிந்தது. அதற்குப் பிறகுதான் இந்தக் கரை வழியாக ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் காப்பிக்கும் தேயிலைக்கும் போனார்கள். சங்கிலிக்குப் பதில் 'துண்டு' என்ற கடன் சீட்டு வந்தது. வழிச்செலவும் அரிசியும் ஆள் பிடித்து மேய்க்கும் கங்காணியின் கணக்கில் கடனாக ஏறும். வேறு தோட்டம் போக வேண்டுமானால் தொகை எழுதிய துண்டு வேண்டும்; புதிய தோட்டத் துரை அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் நகரலாம். ஆளை விற்கவில்லை, கடனைத்தான் கைமாற்றினோம் என்று சொல்லிக்கொண்டார்கள். இந்தத் துண்டு முறை 1921 வரை நீடித்தது.

இத்தனையும் பௌத்த நாட்டில் நடந்தது என்பது சும்மா விடக்கூடிய விஷயமல்ல. அங்குத்தர நிகாயம் என்ற பௌத்த நூலில், உபாசகர் (இல்லற பௌத்தர்) செய்யக்கூடாத ஐந்து வாணிபங்களாக ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு என்று வரிசை இருக்கிறது. 'உயிர்கள்' என்பது மனித விற்பனையைக் குறிக்கும் என்று உரைகாரர்கள் விளக்கியிருக்கிறார்கள். சிகாலோவாத சுத்தம் என்ற புத்தர் உரை இன்னும் நுணுக்கமாகப் போய், வேலையாளுக்கு எஜமானன் செய்ய வேண்டியவை ஐந்து என்கிறது: சக்திக்கேற்ற வேலை, சோறும் சம்பளமும், நோயில் கவனிப்பு, நல்ல பண்டம் கிடைத்தால் பகிர்வு, உரிய நேரத்தில் ஓய்வு. லயத்துக்காம்பரா என்னும் தோட்ட வரிசை வீட்டில் இருந்தவர்கள் இந்த ஐந்தையும் விரல் விட்டு எண்ணிப் பார்க்கலாம். விநயம் என்னும் துறவியர் விதிகளில் கடனாளிக்கும் அடிமைக்கும் துறவு கொடுக்கக் கூடாது என்றும் உண்டு. அங்கே துறவியர் சங்கம் உடைமைக்காரனின் உரிமையோடு சமரசம் செய்துகொண்டது என்றுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

மலையகத் தமிழருக்கு 1948இல் குடியுரிமையும் 1949இல் வாக்கும் பறிபோனபோது, எந்தச் சமூகத்தையும் பாகுபடுத்திச் சட்டம் செய்யாதே என்ற 29(2) அப்போதைய இலங்கை அரசியலமைப்பில் இருக்கத்தான் செய்தது. வழக்கு அப்போதைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது. 1972இல் அந்தப் பிரிவே போய், பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்ற வாசகம் வந்தது. 1978 அரசியலமைப்பில் அது 9ஆம் உறுப்புரை; சமத்துவம் 12ஆம் உறுப்புரை. 1950இல் கண்டியில் நடந்த உலக பௌத்த மாநாட்டுக்கு அம்பேத்கர் வந்திருந்தார். சுற்றியிருந்த மலைகளில் கொழுந்து எடுத்தவர்களில் பெரும்பாலோர் அப்போது எந்த நாட்டுக் குடிமக்களும் அல்லர்.

துண்டு செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். உப்பளம், கரிமூட்டம், இறால் பண்ணை, எங்கே வேலைக்குப் போனாலும் 'அட்வான்ஸ்' என்று கை நீட்டுவார்கள். வாங்குவது குற்றமல்ல. வாங்கிய கடனுக்காக வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுத்தாலோ, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே பிடித்தம் போட்டாலோ அது 1976 கொத்தடிமைத் தொழிலாளர் ஒழிப்புச் சட்டத்துக்குள் வரும். குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவான வேலையே 23ஆம் பிரிவு சொல்லும் கட்டாய வேலைதான் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கலெக்டருக்கோ கோட்டாட்சியருக்கோ எழுதும் மனுவில் முன்பணம் எவ்வளவு, என்றைக்கு, யார் கையால், தினக்கூலி எவ்வளவு, பிடித்தது எவ்வளவு, ஆதாரும் போனும் யாரிடம் இருக்கிறது என்பதை எழுத வேண்டும். 'கொடுமைப்படுத்துகிறார்கள்' என்று மட்டும் எழுதினால் அது அடிதடிப் புகாராகப் போலீஸுக்குத் திரும்பிவிடும். கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு, அச்சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, கடன் கொடுத்தவருடையது. விடுதலைச் சான்று கையில் வந்தால் கடன் அன்றோடு ரத்து. உடனடி உதவி ரூ.30,000 வரை உண்டு. மீதித் தொகை வழக்கு விசாரணையோடு பிணைந்திருப்பதால் இழுக்கும்.

கடைசியாக மதக் கட்டம். அக்கரையில் பன்சலை என்னும் பௌத்த விகாரையையும் போயா என்னும் பௌர்ணமி விடுமுறையையும் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பௌத்தம் என்றால் சிங்களவர் மதம். இங்கே கதை வேறு. 1898இலேயே அயோத்திதாசர் கொழும்பு போய்ப் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அம்பேத்கர் 22 உறுதிமொழிகளோடு பௌத்தம் தழுவினார். சாதி ஆதிதிராவிடராக இருந்து பௌத்தம் தழுவினால் பட்டியல் சாதி உரிமை போய்விடுமா என்றால், 1990 முதல் போகாது. அதற்கு முன் இந்துக்களுக்கும் சீக்கியருக்கும் மட்டும்தான் இருந்தது. கிறித்தவத்துக்குப் போனால் இன்றும் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்தான்.

சறுக்குமிடம் ஒன்று. பள்ளிச் சேர்க்கையில் மதம் பௌத்தம் என்று போட்டு, 'சாதி வேண்டாம்' என்ற கொள்கைப் பிடிப்பில் சாதிக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். மனசுக்கு நிறைவாக இருக்கும், சாதிச் சான்று கிடைக்காது. பட்டியல் சாதி ஆணை அடையாளம் காண்பது சாதிப் பெயரைத்தான். மதமும் சாதியும் இரண்டும் எழுத வேண்டும். கல்யாணத்தைப் பௌத்த முறையில் செய்தாலும் 1955 இந்து திருமணச் சட்டமே பொருந்தும். பதிவை 90 நாளுக்குள் முடிக்கவும். அதன்பின் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள்தான்.