வேலிக்கு அப்பால் வரவிருக்கும் காபிக் கடை

சென்ற மாதம் நகராட்சியிலிருந்து எங்களுக்கு ஓர் அறிவிப்புக் கடிதம் வந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், வாஷிங்டன் கவுண்டி என்னும் மாவட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவுக்குப் பின்புறம், நெடுநாள் பூட்டிக் கிடக்கும் வங்கிக் கிளையின் மனையில், காரில் அமர்ந்தபடியே காபி வாங்கிச் செல்லும் டிரைவ்-த்ரூ கடை ஒன்றுக்கு அனுமதி கோரியிருக்கிறார்கள். காலை 5 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுவார்களாம். வரைபடத்தில் ஆர்டர் எடுக்கும் ஒலிபெருக்கி குறிக்கப்பட்டிருக்கும் இடத்துக்கும் எங்கள் குழந்தைகள் உறங்கும் அறையின் சன்னலுக்கும் இடையே சுமார் 70 அடிதான் இருக்கிறது. நகர வளர்ச்சி எல்லைக்குள் (நகரம் விரிவடைவதற்கென வகுக்கப்பட்ட எல்லை), மனையிலிருந்து 100 அடிக்கு உட்பட்ட சொத்துகளின் உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பினால் போதும் என்று மாநிலச் சட்டம் சொல்வதால், இதே சாலையைத்தான் தினமும் பயன்படுத்தும் அடுத்த தெருக்காரர்கள் பலருக்குச் செய்தியே தெரியவில்லை.

அக்கம்பக்கத்தார் கூடியபோது பெரும்பாலோர் சொன்னது, "இந்தக் கடையே வேண்டாம்" என்பதுதான். அவர்களுடைய வருத்தம் எனக்கும் உண்டு. கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ 1982-இலும் மினியாபொலிஸ் 2019-இலும் புதிய டிரைவ்-த்ரூக்களுக்குத் தடை விதித்ததை ஒருவர் எடுத்துக் காட்டினார். ஆனால் அவை விதிகளையே மாற்றிக் கொண்டுவந்த தடைகள். ஓரிகனில் ஒரு விண்ணப்பம், அது தாக்கல் செய்யப்பட்ட நாளில் நடப்பில் இருந்த விதிகளின்படியே பரிசீலிக்கப்படும்; முழுமையானது என ஏற்கப்பட்டபின் பொதுவாக 120 நாட்களுக்குள் நகரம் இறுதி முடிவைத் தந்தாக வேண்டும். கடைக்கான மனை அமைந்திருக்கும் வணிக மண்டலத்தில் டிரைவ்-த்ரூ நிபந்தனையுடன் அனுமதிக்கப்பட்டது. எனவே, அந்த நிபந்தனைகள் எவை என்பதில்தான் எங்கள் உழைப்பு முழுவதும் செல்ல வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் வேர் கார்களின் வரிசை. போக்குவரத்துப் பொறியாளர்கள் பின்பற்றும் பயணக் கணக்கீட்டுக் கையேட்டின் 11-ஆம் பதிப்பு (2021), டிரைவ்-த்ரூ வசதியுள்ள காபிக் கடைக்கு 1,000 சதுர அடிக்குக் காலை நெரிசல் மணியில் ஏறத்தாழ 86 பயணங்கள் என்கிறது. உள்ளே வருவது ஒன்று, வெளியே போவது ஒன்று என்று எண்ணினால் 43 கார்கள். உட்கார இடமே இல்லாத ஒரு சிறு கூண்டுக் கடைக்குப் பரப்பளவை வைத்துக் கணக்கிட்டால் விடை ஏமாற்றிவிடும்; கட்டடம் சிறியதாக இருப்பதால் காபிக்கு வருகிறவர்கள் குறைந்துவிடுவதில்லை. மணிக்கு 60 கார்கள் வந்து, ஒவ்வொன்றும் 6 நிமிடம் காத்திருந்தால், எந்த நேரத்திலும் சராசரியாக 6 கார்கள் மனைக்குள் நிற்கும். ஆனால் சராசரி நாளில் எவருக்கும் இடர் வருவதில்லை. திட்டத்தில் 8 கார்களுக்குத்தான் இடம் இருக்கிறது. கார் ஒன்றுக்கு 20 முதல் 25 அடி தேவைப்படும் நிலையில், ஒன்பதாவது கார் நடைபாதையின்மீது நிற்கும், பத்தாவது கார் சாலையில் நிற்கும். அந்த நடைபாதை வழியாகத்தான் எங்கள் பகுதிப் பிள்ளைகள் பள்ளிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போகிறார்கள். ஆகவே, இதே நிறுவனத்தின் இரண்டு கிளைகளில், கூட்டம் மிகுந்த நாட்களில், வரிசையின் உச்ச நீளத்தை நேரில் அளந்து சமர்ப்பிக்க வேண்டும் என்பதே என் முதல் கோரிக்கை.

ஒலியைப் பொறுத்தவரை, எல்லையில் ஊசியிலைச் செடிகளை நெருக்கமாக நடுவதாக விண்ணப்பதாரர் எழுதியிருக்கிறார். செடிகள் கண்ணுக்கு மறைப்பாகும், காதுக்கு ஆகாது. அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகத்தின் கணிப்பின்படி, 10 டெசிபல் குறைய வேண்டுமானால் 200 அடி அகலத்துக்கு அடர்ந்த மரக்கூட்டம் வேண்டும். மாறாக, ஒலி எழும் இடத்தையும் கேட்பவரையும் ஒருவருக்கொருவர் தெரியாதபடி மறைக்கும் உயரத்தில் இடைவெளியற்ற சுவர் எழுப்பினாலே சுமார் 5 டெசிபல் குறையும். அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 1.5 டெசிபல் குறையும். அதைவிட எளிய வழியும் உண்டு: ஒலிபெருக்கியை முற்றிலும் நீக்கிவிட்டு, ஊழியர்களே கையில் டேப்லெட்டுடன் கார் அருகே வந்து ஆர்டர் எடுக்கலாம். எங்கள் பகுதியில் பல கடைகள் இப்படித்தான் இயங்குகின்றன. வரிசையும் இதனால் விரைவாக நகரும்.

விளக்குகள் கீழ்நோக்கியே ஒளிர வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்காது என நம்புகிறேன். பத்து விநாடிக்கு மேல் நிற்பதாக இருந்தால் எஞ்சினை அணைத்துவிடுவதே எரிபொருளுக்கும் காற்றுக்கும் நல்லது என்று எழுதிய பலகை ஒன்றையும் கேட்கலாம். ஆனால், சில அடிகள் நகர்ந்து நகர்ந்து நிற்கும் வரிசையில் பலகையைப் பார்த்து எஞ்சினை அணைப்பவர்கள் குறைவு. வரிசையைக் குறைப்பதே புகையையும் குறைக்கும்.

நிபந்தனைகளை மனம்போனபடி கேட்கவும் முடியாது. எங்கள் கவுண்டியிலேயே உள்ள டைகர்ட் நகரம், குழாய் மற்றும் மின்சாதனக் கடை ஒன்றை விரிவாக்க அனுமதி கோரியவரிடம் வெள்ளச் சமவெளிக்கும் மிதிவண்டிப் பாதைக்கும் நிலம் கேட்டது. அந்த வழக்கில் 1994-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கேட்கப்படுவது திட்டத்தின் பாதிப்புக்கு ஏறத்தாழ ஈடான அளவில் இருப்பதை நகரம்தான் காட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே எங்கள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பின்னால் ஓர் அளவு இருக்க வேண்டும். "இரைச்சலை இயன்றவரை குறைக்க வேண்டும்" என்ற வாசகத்தை எந்த அதிகாரியாலும் அமல்படுத்த முடியாது. "வேலியருகே இரவு 9 முதல் காலை 7 வரை இத்தனை டெசிபலுக்கு மேல் போகக் கூடாது, வரிசை நடைபாதையைத் தொட்டால் ஊழியர் ஒருவர் வெளியே வந்து கார்களைத் திருப்பி அனுப்ப வேண்டும், திறந்த ஆறாம் மாதத்தில் நகராட்சி மறுஆய்வு செய்ய வேண்டும்" என்று எழுதினால் அமல்படுத்த முடியும்.

விண்ணப்பம் குறித்து நகராட்சி நடத்தும் பொது விசாரணையில் எழுப்பாத விஷயத்தை மேல்முறையீட்டில் எழுப்ப இயலாது என்பதால், ஒவ்வொன்றையும் எழுத்தில் கொடுக்கிறோம். முதல் விசாரணை முடிவதற்குள் யாராவது ஒருவர் கேட்டால், சான்றுகளைச் சேர்க்க விசாரணை ஆவணத்தைக் குறைந்தது ஏழு நாட்களுக்குத் திறந்து வைக்க வேண்டும். அதைக் கேட்கும் பொறுப்பை நான் ஏற்றிருக்கிறேன். பக்கத்துத் தெருவில் இரண்டு வீடுகளுக்கு இன்னும் செய்தி போகவில்லை. இன்று மாலை அங்கே போகிறேன்.