குரோம் பம்பருக்கு இணையான பூச்சைத் தேர்ந்தெடுப்பது

என் சித்தப்பா பெங்களூரு கலாசிபாளையத்திலிருந்து சரக்கு ஏற்றும் லாரி ஒன்றை வைத்திருக்கிறார். அதன் முன்பக்க பம்பர் குரோம் முலாம் பூசிய இரும்பு. துருப்பிடிக்காமலும் உரியாமலும் இன்னும் முகம் பார்க்கலாம் என்ற பளபளப்போடு இருக்கிறது. ஆனால் ஏறும் படி, பக்கக் கண்ணாடிகளைத் தாங்கும் கம்பிகள், கிரில்லைச் சுற்றிய சட்டம், வீல் கப்புகள் ஆகியவை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கடையில் வாங்கப்பட்டவை என்பதால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. "எல்லாம் பம்பர் நிறத்துக்கு வந்துவிட வேண்டும், செலவைப் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று சொல்லிப் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார். (செலவைப் பற்றிப் பிறகு நன்றாகவே பேசினார்.) ஜே.சி. ரோட்டுப் பட்டறைகளில் வெள்ளி நிறப் பெயிண்ட் போதும் என்றார்கள். பீன்யா தொழிற்பேட்டையில் ஒருவர் பவுடர் கோட்டிங்கைப் (பெயிண்ட் பொடியைத் தூவி அடுப்பில் உருக்கிப் படியவைக்கும் பூச்சு) பரிந்துரைத்தார். இன்னொருவர் ஸ்ப்ரே குரோம் என்றார். எல்லாவற்றின் மாதிரிகளையும் பம்பரின் அருகே வைத்துப் பார்த்த பின் எனக்கு ஏற்பட்ட முடிவு இதுதான்: குரோமைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாகத்துக்குக் குரோமைத் தவிர வேறெதுவும் இணையாகாது, அது முடியாத இடத்தில், ஏறக்குறைய ஒத்துப்போகும் பூச்சைவிட முற்றிலும் வேறான பூச்சே கண்ணுக்கு நன்றாக இருக்கும்.

இதற்குக் காரணம் முலாமின் அமைப்பிலேயே இருக்கிறது. பம்பரில் நாம் காணும் மினுமினுப்பில் பெரும்பகுதி குரோமியத்தினுடையது அன்று, அதற்கு அடியிலுள்ள நிக்கலினுடையது. இரும்பைத் தேய்த்து பஃபிங் செய்து (சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகேற்றி), சில இடங்களில் செம்பு ஏற்றி, அதன் மேல் பல மைக்ரான் தடிப்பில் நிக்கல் ஏற்றுகிறார்கள். மேடுபள்ளங்களைச் சமன்செய்து கண்ணாடிப் பரப்பை உண்டாக்குவதும் துருவைத் தடுப்பதும் நிக்கலின் வேலை. கடைசியில் வரும் குரோமியம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. நிக்கல் தனியாக இருந்தால் இலேசாக மஞ்சளித்து, நாளடைவில் மங்கும். அந்த மெல்லிய குரோமியப் படலம்தான் அதற்கு நீலச் சாயலையும் மங்காத தன்மையையும் தருகிறது. ஆகவே குரோம் பரப்பில் நாம் பார்ப்பது மேலே வானம், கீழே தார்ச்சாலை, நடுவே கூர்மையான ஒரு கோடு. அந்தக் கோடு தெரியாத எந்தப் பூச்சும், டப்பாவில் என்ன பெயர் எழுதியிருந்தாலும், பக்கத்தில் வைத்தவுடன் வெறும் சாம்பலாகிவிடுகிறது.

வெள்ளி நிறப் பெயிண்ட் தோற்பது இங்கேதான். அதில் இருப்பவை நுண்ணிய அலுமினியச் செதில்கள். அவை ஒளியைப் பல திசைகளில் சிதறவிடுவதால், நேராகப் பார்க்கும்போது வெளிச்சமாகவும் சாய்வாகப் பார்க்கும்போது இருட்டாகவும் தெரிகிறது. குரோம் அப்படி மாறுவதில்லை. கதவின் கைப்பிடி போல பம்பரிலிருந்து தள்ளியிருக்கும் சிறு பாகங்களுக்கு வெள்ளி நிறம் தாராளமாகப் போதும். பம்பரை ஒட்டியிருக்கும் கிரில் சட்டத்துக்கு அடித்தால், வெள்ளிக் குத்துவிளக்கின் அருகில் அலுமினியத் தட்டை வைத்தது போலிருக்கும்.

குரோம் நிறப் பவுடர் கோட்டிங்கும் ஏமாற்றக்கூடியது. சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அடுப்பிலிருந்து வெளியே வரும்போது அது உண்மையிலேயே அழகாக இருக்கும், பட்டறைக்காரர் காட்டும் மாதிரியும் பெரும்பாலும் அந்த நிலையிலேயே இருக்கும். ஆனால் அந்தப் பரப்பு கை பட்டாலே கறுக்கும் என்பதால் மேலே கிளியர் கோட் (நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) கட்டாயம். கிளியர் ஏறியதும் கண்ணாடித்தன்மை குறைந்து அது மீண்டும் பளபளப்பான சாம்பல்தான். கிளியர் அடித்த மாதிரியைக் காட்டுங்கள் என்று கேட்டுப் பெறுவது நல்லது.

ஸ்ப்ரே குரோம் இவற்றைவிட எவ்வளவோ மேல். கறுப்புப் பளபளப்பு பேஸ் கோட்டின் மேல், வெள்ளி நைட்ரேட் கரைசலையும் அதிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கும் இன்னொரு கரைசலையும் ஒரே நேரத்தில் தெளிக்கிறார்கள். முகக் கண்ணாடிக்கு வெள்ளி ஏற்றும் பழைய இரசாயனம்தான் இது. பிளாஸ்டிக்குக்கும் அடிக்கலாம், அடுப்பு வேண்டியதில்லை. சிக்கல் எதிர்பாராத பக்கத்திலிருந்து வருகிறது: அது குரோமைவிடக் கூடுதலாகப் பிரகாசிக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வெள்ளி 95 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும். குரோமியம் சுமார் 65 சதவீதம்தான். எனவே ஸ்ப்ரே குரோம் அடித்த சட்டம் வெளிறியும் சற்றே மஞ்சளாகவும், பம்பர் கறுத்தும் தெரியும். அனுபவமுள்ள பெயிண்டர்கள் கிளியர் கோட்டில் சிறிது நீலமும் மிகச் சிறிது கறுப்பும் கலந்து இதைச் சரிசெய்கிறார்கள், அந்தக் கலவையைப் பம்பரின் அருகிலேயே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தாலும் மேலிருப்பது கிளியர் கோட்தான். கல் தெறித்தால் உடையும், வெயிலில் மெல்ல மஞ்சளிக்கும். நெடுஞ்சாலையில் ஓடும் லாரியின் முகப்புக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எவர்சில்வர் பலருக்கும் முதலில் தோன்றும் வழி. கண்ணாடி மெருகு ஏற்றிய 304 ரகத் தகடு உறுதியானது, உரிவதற்கு அதில் எதுவுமில்லை. அதன் சாயல் குரோமைவிடச் சற்றுப் பழுப்பு, நீலம் கிடையாது. இரண்டும் ஒரே தளத்தில் ஒட்டி நின்றால் வேறுபாடு தெரியும். ஒரு முழம் விலகியிருந்தால் பெரும்பாலோர் கவனிக்க மாட்டார்கள். விலை குறைவு என்று 202 ரகத்தை வாங்கினால், நிக்கல் குறைந்து மாங்கனீசு கூடிய உலோகம் என்பதால் மழையிலும் உப்புக்காற்றிலும் பழுப்புப் புள்ளிகள் விழும். காந்தம் வைத்துப் பார்த்து 304-ஐயும் 202-ஐயும் பிரித்தறிய முடியாது, இரண்டிலும் காந்தம் சரிவர ஒட்டாது. கடைக்காரரின் பில்லில் ரகத்தை எழுதி வாங்குவதே வழி. மெருகேற்றிய அலுமினியத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது குரோமைவிட வெளுப்பு, வாரந்தோறும் தேய்க்கப் பொறுமையுள்ளவர்களுக்கு மட்டும்.

இனி முலாம். இங்கும் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய முறை ஆறு இணைதிறன் (ஹெக்ஸாவேலண்ட்) குரோமியத்தில் நடப்பது. நீலச் சாயல் அதற்கே உரியது. அந்தக் கரைசல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பருக்குப் பின் சிறப்பு அனுமதி பெற்றவர்களைத் தவிர மற்றவர்கள் அதைப் பயன்படுத்தத் தடை விதித்தது. உலகெங்கும் பலர் மூன்று இணைதிறன் முறைக்கு மாறி வருகிறார்கள். புதிய முறையின் நிறம் பெரும்பாலும் சற்று இருண்டு, நீலம் குறைந்திருக்கும். சுற்றுச்சூழலுக்கு அதுவே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் ஒரே வண்டியில் இரண்டும் கலந்தால் கண் கண்டுபிடித்துவிடும். பீன்யாவில் வேலையைக் கொடுக்கும் முன் பம்பரையோ அதே முலாம் உள்ள ஒரு சிறு துண்டையோ எடுத்துச் சென்று காட்டி, எந்தக் கரைசல் என்று கேட்க வேண்டும். எல்லாப் பாகங்களையும் ஒரே தொகுதியாகக் கொடுப்பது அதைவிட முக்கியம். பஃபிங் குறைந்த பாகத்தில் எந்த முலாமும் கலங்கித்தான் தெரியும், ஆகவே பேரம் பேசும்போது பஃபிங் கூலியில் கை வைக்க வேண்டாம். உயர்வலிமை போல்ட்டுகளை மட்டும் கொடுக்கக் கூடாது. முலாமிடும்போது எஃகுக்குள் புகும் ஹைட்ரஜன் அவற்றை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவரும். அவற்றின் மேல் குரோம் தொப்பி மாட்டிக்கொள்ளலாம்.

சிலர் எதிர்த்திசையில் யோசித்து, பம்பரையே கேபின் நிறத்துக்கு மாற்ற விரும்புகிறார்கள். அது நேர்மையான தீர்வுதான், ஆனால் குரோமின் வழுவழுப்பில் பெயிண்ட் பிடிக்காது. முலாம் கடையில் குரோமை முறையாக அகற்றிவிட்டு எபாக்சி பிரைமர் (பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு) அடித்துத் தொடங்குவதே நிலைக்கும். எமரி தாளால் மேலோட்டமாகத் தேய்த்துவிட்டு அடித்த பெயிண்ட் முதல் கல்லடியில் ஓடு ஓடாகக் கழன்றுவிடும்.

எதைத் தேர்ந்தாலும் மாதிரியைக் கடையின் டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாகம் வண்டியில் எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் இருக்குமோ அப்படியே பிடித்து, திறந்த வெளியில் பார்க்க வேண்டும்; பெங்களூரின் மேகமூட்டத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பரப்புகள் ஓசூர் தாண்டிய வெயிலில் பிரிந்து நிற்கும். எங்கள் லாரியில் கிரில் சட்டமும் கண்ணாடிக் கம்பிகளும் முலாமுக்குப் போயின. பூட்ஸ் கால் படும் ஏறும் படி மங்கலான கறுப்புப் பவுடர் கோட்டிங் ஆயிற்று. வீல் கப்புகள், பம்பரிலிருந்து விலகியிருப்பதால், எவர்சில்வரிலேயே விடப்பட்டன. சித்தப்பா ஆசைப்பட்ட முன்பக்கக் குரோம் கிராஷ் கார்டை (பம்பருக்கு முன்னால் மாட்டும் தடுப்புக் கம்பிச் சட்டம்) மட்டும் நான் மறுத்துவிட்டேன். கிராஷ் கார்டுகள் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை மீறுவதாகக் கூறி, அவற்றின் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

பராமரிப்பில் சொல்ல வேண்டியது ஒன்றே. போர்வெல் தண்ணீரில் கழுவும் இடங்களில் உப்புக்கறை படிகிறது என்று, அதைப் போக்கக் கழிப்பறை ஆசிட்டை நீர் கலந்து தடவும் பழக்கம் சில வாட்டர் சர்வீஸ்களில் இருக்கிறது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். முலாம் கடைக்காரர்கள் பழைய குரோமைக் கரைத்தெடுக்கப் பயன்படுத்துவதும் அதைத்தான். சாதாரண ஷாம்பு போட்டுக் கழுவி, ஈரம் காய்வதற்குள் துணியால் துடைத்துவிடுமாறு கிளீனரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.