தலையங்கம் வேறு, தலைப்புச் செய்தி வேறு

நேற்று திருவல்லிக்கேணியில் இதழியல் படிக்கும் பிள்ளைகள் நான்கு பேருடன், ஒரு நாளிதழைத் தரையில் விரித்துப் போட்டு உட்கார்ந்தேன். "தலையங்கம் எங்கே இருக்கு, காட்டு" என்றதும் ஒரு தம்பி முதல் பக்கத்துப் பெரிய எழுத்தில் விரல் வைத்தான். அது தலைப்புச் செய்தி. தலையங்கம் என்பது உள்பக்கத்தில் வரும் பத்திரிகையின் சொந்தக் கருத்து. பெரும்பாலும் எழுதியவர் பெயர்கூட இருக்காது. செய்தியையும் கருத்தையும் இப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

அப்புறம் மடிப்பு. கடையில் பேப்பர் பாதியாக மடிந்துதான் கிடக்கும். அதனால்தான் அன்றைய முக்கியச் செய்தி மடிப்புக்கு மேலே வருகிறது. 'மதுரை, ஜூலை 14:' என்று தொடங்குகிறதே, அது டேட்லைன். செய்தி எங்கிருந்து வந்தது என்று சொல்வது. நிருபர் பெயர் பைலைன். கட்டம் கட்டிப் போடும் பெட்டிச் செய்தி எல்லாம் பார்க்கப் பார்க்கப் பிடிபடும்.

ஏதாவது ஒரு பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர்கள் இருக்கும். செய்திக்கு யார் பொறுப்பு என்று தெரிய, 1867-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. நால்வரும் அந்தப் பொடி எழுத்தைப் படித்ததே இல்லையாம். சுதேசமித்திரன் பத்திரிகை 1882-இல் பிறந்த சென்னையில் அதைத் தெரியாமல் இருக்கலாமா? உரக்கப் படிக்கச் சொன்னேன்.