பிரேக் அழுத்தினால் பின்பக்கம் ஒதுங்கும் கார்

செங்கோட்டையில் இருந்துகொண்டு புனலூருக்கு அடிக்கடி போய்வருகிறவர்களுக்குத் தெரியும், திரும்பும்போது கோட்டைவாசல் தாண்டியதிலிருந்து புளியரை வரைக்கும் மலை இறக்கம், பிரேக்குக்குத்தான் வேலை. அதிலும் எஸ் வளைவில் எதிரே லாரி ஏறி வந்தால் சட்டென்று மிதித்தே ஆக வேண்டும். என் ஹேட்ச்பேக் கார் அந்த இறக்கத்தில்தான் பயமுறுத்தத் தொடங்கியது. மெதுவாகப் பிடித்தால் ஒன்றும் இல்லை. ஓங்கி மிதித்தால் பின்பக்கம் இடதுபுறமாக ஒதுங்கும்; மூக்கு வலதுபுறம், அதாவது எதிரே வருகிற வண்டியைப் பார்த்துத் திரும்பும். காலை எடுத்தால் ஒரு குலுக்கலோடு நேராகிவிடும். ஸ்டியரிங்கில் இழுப்பே தெரியாது, உட்கார்ந்திருக்கும் சீட்டில்தான் தெரியும்.

"மலை ரோட்டுல சின்ன வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்று நிறையப் பேர் சொன்னார்கள். எனக்கு அது ஏற்பில்லை. பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்வது எல்லா வண்டிக்கும் உள்ளதுதான். 950 கிலோ எடையுள்ள ஒரு சின்னக் காரில் சுமார் 380 கிலோ பின் சக்கரங்கள்மேல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த சாலையில் ஓங்கி மிதித்தால் தோராயமாக 170 கிலோ முன்னால் போய்விடும், பின்னால் 210 கிலோதான் மிஞ்சும். இறக்கத்தில் இன்னும் குறையும். ஆனால் எடை குறைந்தால் பின்பக்கம் லேசாகும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஒதுங்குகிறது என்றால் அங்கே ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது.

டயரில் ஆரம்பித்தேன். காற்று நான்கிலும் சரியாக இருந்தது. பக்கச்சுவரில் உள்ள கடைசி நான்கு எண்கள்தான் டயரின் வயது. 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆவது வாரம். என் பின் டயர்கள் முன்னதைவிடப் பழசு. இரண்டு டயர் மட்டும் மாற்றும்போது புதுசை முன்னால் போடுவது நம் ஊர் வழக்கம். பின்னால் போடுங்கள் என்றுதான் டயர் கம்பெனிகள் சொல்கின்றன. பின் பிடிமானம் போனால் வண்டியைத் திருப்பிக் கொண்டுவருவது கஷ்டம். தென்மேற்குப் பருவமழையில் ஆரியங்காவுப் பக்கம் நனைந்தே கிடக்கும் சாலைக்கு இது ரொம்ப முக்கியம். முன்னதையும் பின்னதையும் மாற்றிப் போட்டேன். கொஞ்சம் அடங்கினாற்போல் இருந்தது, போகவில்லை.

அடுத்தது பிரேக். மூக்கு வலதுபுறம் போகிறது என்றால் வலதுபுறச் சக்கரம் அதிகமாகப் பிடிக்கிறதோ என்று சந்தேகம். பின் டிரம் இரண்டையும் கழற்றிப் பார்த்தோம். வீல் சிலிண்டரில் கசிவு இல்லை, ஷூவில் எண்ணெய்ப் பசை இல்லை, இரண்டு பக்கமும் தேய்மானம் ஒரே அளவு. ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. சக்கர பேரிங்கில் ஆட்டம் இல்லை, ஷாக் அப்சார்பர் ஒழுகவில்லை. அப்புறம் நான்கு சக்கரமும் சரியான கோணத்தில் நிற்கிறதா என்று அளக்கும் அலைன்மென்ட். திரையில் எல்லாமே பச்சை. வண்டியில் கோளாறே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

செங்கோட்டையில் பழைய மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் அந்த அலைன்மென்ட் அளவுத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது நிக்கிற வண்டியோட கணக்கு. உங்களுக்குக் கோளாறு பிரேக் போடும்போதுதானே? அப்பப் பார்க்கணும்" என்றார். ஆளில்லாத சமதளத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். "ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கிட்டு முதல் கியர்ல மெல்ல இழுங்க. வேகம் வேண்டாம்." ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும் பிடிக்கும். முன் சக்கரம் இழுக்க, பின் சக்கரம் வர மறுக்க, ஓங்கி பிரேக் போடும்போது பின் ஆக்சில்மேல் விழுகிற அதே இழுவை இங்கே நடை வேகத்தில் கிடைத்துவிடுகிறது.

அவர் வண்டியை விட்டு எட்டத் தள்ளிக் குத்தவைத்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலதுபுறம் அசையவில்லை. இடதுபுறம் பார்த்துவிட்டு, என்னை இறக்கி, தான் ஓட்டிக் காட்டினார். கிளட்சை விட விட, இடது பின் சக்கரம் ஒரு விரல் கனத்துக்குப் பின்னால் நகர்ந்தது. கிளட்சை மிதித்ததும் 'டொக்' என்று பழைய இடத்துக்கு வந்தது.

இடது பின் ஆக்சில் புஷ் கிழிந்திருந்தது. இந்த மாதிரிக் கார்களில் இரண்டு பின் சக்கரங்களும் ஒரே குறுக்குச் சட்டத்தில் இருக்கும். அந்தச் சட்டத்தின் முன் நுனிகள் இரண்டும் ரப்பர் புஷ் வழியாகத்தான் பாடியோடு சேர்கின்றன. இடது ரப்பர் விட்டுக்கொடுத்தால் சட்டத்தின் இடது முனை பின்னே போகும், முழு ஆக்சிலும் கோணலாகும், இரண்டு சக்கரங்களும் இடதுபுறம் பார்க்கும். பின்பக்கத்துக்கு ஒரு ஸ்டியரிங் வைத்து இடதுபுறம் ஒடித்தது போலத்தான். காலை எடுத்தால் ரப்பர் திரும்பும், வண்டி நேராகும். நிற்கும்போது அளந்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ராம்ப்பில் ஏற்றி, கம்பி கொடுத்து நெம்பிய பிறகுதான் ரப்பர், புஷ்ஷின் நடுவே உள்ள குழாயை விட்டுப் பிரிந்திருந்தது கண்ணுக்குத் தெரிந்தது.

ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது, இரண்டு புஷ்ஷையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஆக்சிலைக் கீழே இறக்கும்போது பிரேக் ஹோஸும் ஹேண்ட் பிரேக் கேபிளும் இழுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் முடிந்து ஓங்கி மிதித்துப் பார்த்தேன், முன்பக்கம் குனிந்து நேராக நின்றது.

புஷ் மாற்றக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ் போல்ட்டை முழுக்க முறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுகியபடியே நிற்கும். சீக்கிரமே மறுபடி கிழியும். வண்டியின் எடை சக்கரத்தின்மேல் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும்.