எலிசபெத்துக்கு வாசித்தவர்

ஜூன் 3, செவ்வாய்

வெள்ளையடிக்க ஆள் வருகிறது என்று புத்தக அலமாரியை நகர்த்தினோம். பின்னால் ஓர் அட்டைப்பெட்டி, உள்ளே முப்பது நாற்பது சிடிக்கள். பாதி எனக்கே மறந்துபோனவை. ஒவ்வொன்றாகத் தூசி துடைத்து அடுக்கிக்கொண்டு வரும்போது கையில் வந்தது 'திஸ் இஸ் வால்ட் டிக்கர்சன்!'. வைப்ரஃபோன் என்ற, உலோகப் பட்டைகளை மட்டையால் தட்டி வாசிக்கிற கருவியின் அமெரிக்க ஜாஸ் கலைஞர் டிக்கர்சன். 1961இல் பதிவானது, அவருடைய முதல் ஆல்பம். நான் வாங்கி எப்படியும் பதினைந்து வருடம் இருக்கும். அப்போது இரண்டு தடவை கேட்டேன், மனசில் ஒட்டவில்லை, எடுத்து வைத்துவிட்டேன்.

ஏன் ஒட்டவில்லை என்பது நன்றாகவே நினைவிருக்கிறது. அந்த நாட்களில் வைப்ரஃபோன் என்றாலே எனக்கு மில்ட் ஜாக்சன்தான், அவர் வாசித்த மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட் குழுவின் ஆல்பங்களை ஒன்று விடாமல் தேடிப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜாக்சன் ஒரு சுரத்தை அடித்துவிட்டு அதை அப்படியே விட்டுவிடுவார், அது மெல்ல அசைந்து அசைந்து கரையும். அந்தச் சுகத்தை எதிர்பார்த்து டிக்கர்சனைப் போட்டால், இங்கே ஒரு சுரம் காதில் விழுந்து நிற்பதற்குள் அடுத்த நாலு வந்துவிடுகின்றன. ஏன் இவ்வளவு அவசரம் என்று தோன்றியது, அதோடு சரி.

இன்று இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டேன். ஆறு உருப்படிகள், ஆறும் அவரே எழுதியவை. முதல் ஆல்பத்தில் ஒரு பிரபலமான பழைய பாட்டுகூட இல்லாமல் முழுக்கத் தன் சரக்கையே வைக்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது.

ஜூன் 4, புதன்

காலையில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் போட்டிருந்தேன். மகள் பல் தேய்த்துக்கொண்டே வந்து, "அப்பா, இது பியானோவா, மணியா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. இரண்டும் கலந்தது மாதிரிதான்.

வைப்ரஃபோன் என்றால், பியானோவின் கட்டைகள் போலவே வரிசையாக அடுக்கிய அலுமினியப் பட்டைகள், பொதுவாக மூன்று ஆக்டேவ், அதாவது மூன்று ஸ்தாயி. ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஒரு குழாய், குழாயின் வாயில் ஒரு சின்ன வட்டத் தகடு. மோட்டார் அந்தத் தகட்டைச் சுழற்றும். வாய் மூடித் திறக்க மூடித் திறக்க ஒலி அலைபோல ஏறி இறங்கும். காலடியில் ஒரு பெடல், மிதித்தால் ஒலி நீளும், விட்டால் அடங்கும். 1920களில் அமெரிக்காவில் உருவான கருவி இது. 1930இல் லயனல் ஹாம்ப்டன் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு 'மெமரீஸ் ஆஃப் யூ' பதிவில் இதை வாசித்தார், ஜாஸுக்குள் இது வந்த கதை அங்கேதான் தொடங்குகிறது. மில்ட் ஜாக்சன் செய்த பெரிய காரியம் அந்த மோட்டாரின் வேகத்தைக் குறைத்தது. அலை நிதானமானதும் கருவிக்கு மனிதக் குரல் வந்துவிட்டது.

இதையெல்லாம் வாயால் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று அடுக்களையிலிருந்து ஓர் எவர்சில்வர் தட்டை எடுத்து வந்தேன். விளிம்பை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துத் தொங்கவிட்டுக் கரண்டியால் ஒரு தட்டு. ணங் என்று நீண்டது. "இது ஜாக்சன்." மறுபடி தட்டி, உடனே உள்ளங்கையை வைத்தேன். டக். "இது டிக்கர்சன்." அவள் தட்டை வாங்கிக் கையை வைக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தாள். கையை எப்போது வைப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்று அவளைப் பார்த்துத்தான் எனக்கே தெளிவானது. டிக்கர்சன் வாசிப்பில் ஒலியை அடக்குவதும் ஒரு சுரம் மாதிரிதான், அடிக்கிற அளவுக்கு அதையும் யோசித்துச் செய்கிறார். மோட்டாரின் அலை என் காதுக்குக் கிட்டத்தட்ட எட்டவே இல்லை. உலர்ந்த, நறுக்கென்ற ஒலி.

ஜூன் 7, சனி

விடுமுறை. ஆல்பத்தை மூன்று முறை முழுதாகக் கேட்டேன், இரண்டு முறை ஸ்பீக்கரில், ஒரு முறை ஹெட்ஃபோனில். ஹெட்ஃபோனில் கேட்டபோதுதான் டிரம்ஸ் பக்கம் காது போனது.

டிரம்ஸ் ஆண்ட்ரூ சிரில். பதிவு நாள் 1961 மார்ச் 7, அன்று அவருக்கு வயது 21. பின்னால் பியானோ கலைஞர் சிசில் டெய்லரோடு பத்து வருடத்துக்கு மேல் வாசித்து, தாளத்தையே கட்டவிழ்த்துக் காட்டியவர் என்றுதான் சிரிலை எல்லோரும் சொல்வார்கள். இங்கே அவர் தாளத்துக்குள்தான் இருக்கிறார், ஆனால் சிம்பலை எவ்வளவு லேசாகத் தொடுகிறார் பாருங்கள். டிக்கர்சன் சரசரவென்று சுரங்களைக் கொட்டும்போது சிரில் சத்தத்தை ஏற்றிப் போட்டிக்குப் போவதில்லை. இடம் விடுகிறார். கொட்டி முடித்து டிக்கர்சன் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரே ஓர் அடி, அவ்வளவுதான். 21 வயதில் இந்தப் பொறுமை எங்கிருந்து வரும்?

பியானோ வாசித்தவர் ஆஸ்டின் குரோ, பாஸ் என்ற கனத்த ஒலித் தந்திக் கருவி வாசித்தவர் பாப் லூயிஸ். இரண்டும் பெரிதாகப் பேசப்படாத பெயர்கள். பதிவு செய்தவர் ரூடி வான் கெல்டர், நியூ ஜெர்சியில் இங்கிள்வுட் கிளிஃப்ஸில் அவர் கட்டிய, உயர்ந்த மரக் கூரை போட்ட ஸ்டுடியோவில். பிரெஸ்டீஜ் கம்பெனியின் கிளையான நியூ ஜாஸ் வெளியிட்டது.

டிக்கர்சன் ஃபிலடெல்ஃபியாக்காரர், 1928இல் பிறந்தவர். பால்டிமோரில் மார்கன் ஸ்டேட்டில் படிப்பு முடித்து, ராணுவத்தில் இருந்து, கொஞ்ச காலம் கலிஃபோர்னியா, அப்புறம்தான் நியூயார்க். முதல் ஆல்பம் பதிவாகும்போது வயது 32. சின்னப் பையன் அவசரத்தில் கொட்டிய சுரங்கள் இல்லை இவை, பல வருடம் மனசுக்குள் வைத்திருந்தவை. பதினைந்து வருடம் முன்னால் நான் அவசரம் என்று நினைத்தது இதைத்தான், அது பெரிய தவறு.

அவரைச் சாக்சஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோடு ஒப்பிட்டுச் சொல்வது வழக்கம். கோல்ட்ரேனும் ஃபிலடெல்ஃபியாவில் கலைஞராக உருவானவர். அவருடைய 'மை ஃபேவரிட் திங்ஸ்' ஆல்பம் வெளிவந்ததும் இதே 1961 மார்ச்சில்தான். சாக்சஃபோனில் ஒரே மூச்சில் அத்தனை சுரங்களை அடுக்கலாம், மூச்சு அவற்றைக் கோத்துவிடும். வைப்ரஃபோனில் ஒவ்வொரு சுரமும் தனி அடி. இரண்டு கை, கைக்கு ஒரு மட்டை. அதை வைத்துக்கொண்டு மூச்சில் கோத்த மாதிரியே ஒரு நீண்ட வாக்கியத்தை உண்டாக்குகிறார். ஒலி நீண்டால் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பி இரைச்சலாகிவிடும். உலர்ந்த ஒலி அவருக்கு ஏன் தேவைப்பட்டது என்று இன்றுதான் புரிந்தது.

ஜூன் 8, ஞாயிறு

இன்று ஒரே ஓர் உருப்படி. இரண்டாவதாக வருவது, 'எலிசபெத்'.

அந்தக் காலத்தில் நான் இதைத் தாண்டிவிடுவேன். மெதுவாகப் போகிறது என்று. இன்று காலை காபியோடு உட்கார்ந்து ஐந்து தடவை கேட்டேன். வேகமான இடங்களில் உள்ளங்கை வைத்து அடக்கிய அதே ஆள் இங்கே கையை எடுத்துவிடுகிறார். அதுவும் முழுதாக எடுப்பதில்லை. ஒரு சுரத்தைக் கொஞ்சம் நீள விட்டு, அது இனிக்கத் தொடங்கும்போது நிறுத்திவிடுகிறார், சொல்ல வந்ததைப் பாதியில் விட்டு எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிற மாதிரி.

எலிசபெத் அவர் மனைவி.

ஜூன் 11, புதன்

பஸ்ஸில் ஃபோனில் கேட்க முயன்றேன். பிரயோஜனமில்லை. இந்த ஒலி அவ்வளவு மெல்லியது, இஞ்சின் சத்தத்தில் பாதி போய்விடுகிறது, பாஸ் சுத்தமாகக் கேட்கவில்லை. இனி வீட்டில் மட்டும்.

ஜூன் 14, சனி

ஒன்றிலிருந்து ஒன்று. 'எலிசபெத்' பிடித்ததும் டிக்கர்சனின் 'டு மை குயீன்' ஆல்பத்தைத் தேடிப் போட்டேன். 1962 செப்டம்பர் 21 பதிவு. 1961 மார்ச்சிலிருந்து இதுவரை ஏறக்குறைய ஒன்றரை வருடத்தில் நியூ ஜாஸுக்கு நாலு ஆல்பம், இது நாலாவது. டிரம்ஸில் அதே சிரில். பாஸ் ஜார்ஜ் டக்கர். பியானோவில் ஆண்ட்ரூ ஹில். புளூ நோட் கம்பெனியில் தன் பெயரில் ஆல்பங்கள் போட்டு ஹில் பேர் வாங்கியதெல்லாம் இதற்கு அப்புறம்.

இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, பதினேழு நிமிஷத்துக்கும் மேல். அந்த ராணியும் எலிசபெத்தான். முதல் ஆல்பத்தில் சில நிமிஷத்தில் சொல்லிப் பார்த்ததை ஒன்றரை வருடம் கழித்து ஒரு பக்கம் முழுக்க விரித்துச் சொல்கிறார். பதினேழு நிமிஷத்தில் ஒருவர்கூடக் குரலை உயர்த்துவதில்லை. ஹில் சில இடங்களில் இரண்டே சுரம் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். சிரில் டிரம்ஸைத் தடவுகிறார் என்றே சொல்லலாம். எனக்கு நீளமான ஜாஸ் உருப்படிகளில் ஒரு பத்தாவது நிமிஷத்தில் கவனம் சிதறும், இதில் சிதறவில்லை, காரணம் எல்லோரும் ஒரே ஆளைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

மறுபக்கத்தில் இரண்டு பழைய பாட்டுகள். அவற்றில் 'காட் பிளெஸ் த சைல்ட்' டிக்கர்சனும் டக்கரும் மட்டும். அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.

விவரம் தெரிந்தவர்கள் டிக்கர்சன் என்றால் 'டு மை குயீன்' என்பார்கள், அது நியாயம்தான். அதனாலேயே முதல் ஆல்பம் அதன் நிழலில் நின்றுவிட்டது. எனக்கு இப்போது முதல் ஆல்பம் இல்லாமல் நாலாவது முழுதாகப் புரியாது என்று தோன்றுகிறது. அந்தக் குரலின் அடக்கம், வேகத்தை அறிந்த ஒருவரின் அடக்கம். அந்த வேகத்தை முதல் ஆல்பத்தில்தான் கேட்க முடிகிறது.

ஜூன் 15, ஞாயிறு

இவ்வளவு நல்ல கலைஞர் ஏன் இப்படி மறைந்துபோனார் என்று நேற்றெல்லாம் யோசனை. 1962இல் டவுன்பீட் என்ற ஜாஸ் பத்திரிகை வளரும் கலைஞர் என்று அங்கீகாரம் கொடுத்தது. 1965இல் ஒரு திரைப்படத்தின் இசையை வைத்து ஓர் ஆல்பம், அதில் பியானோவும் ஹார்ப்சிகார்டும் வாசித்தவர் சன் ரா. அப்புறம் ஏறக்குறைய பத்து வருடம் எந்தப் பதிவும் கிடையாது. அந்தப் பத்து வருடத்தில்தான் வைப்ரஃபோனின் பேச்சே மாறியது. பாபி ஹட்சர்சன் புளூ நோட்டில் தன் பெயரில் ஆல்பங்கள் போட்டார். கேரி பர்ட்டன் கைக்கு இரண்டாக நாலு மட்டை பிடித்துப் பேர் வாங்கினார். டிக்கர்சன் 1970களின் நடுவில் திரும்பியபோது அவரைப் பதிவு செய்தது டென்மார்க்கிலிருந்த ஸ்டீப்பிள்சேஸ் கம்பெனி. 1978இல் சன் ராவோடு இருவர் மட்டும் வாசித்த 'விஷன்ஸ்'. அதே வருடம் 'டு மை குயீன் ரீவிசிட்டட்'.

1961, 1962, 1978. பதினேழு வருடத்தில் மூன்று தடவை அதே பெண்ணுக்காக. நடுவில் பத்து வருடம் ஊர் உலகத்துக்கு வாசிக்காமல் இருந்தவர், வந்ததும் மறுபடி அவரிடமே போகிறார். 2008இல் தன் 80ஆவது வயதில் இறந்தார்.

மத்தியானம் 'எலிசபெத்' ஓடிக்கொண்டிருந்தது. மனைவி அடுக்களையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாட்டு முடியும் நேரத்தில் வாசலில் அழைப்பு மணி அடித்தது, வண்ணம் பூசுகிறவர் மீதிப் பணம் வாங்க வந்திருந்தார். நான் எழுந்து பிளேயரை நிறுத்தப் போனேன். "இருங்க, அது முடியட்டும். நான் போய்க் குடுக்கறேன்" என்று கையைத் துடைத்துக்கொண்டு அவளே போனாள்.

அந்த நாலு ஆல்பத்தில் மூன்றாவதான 'ரிலேட்டிவிட்டி' இன்னும் கேட்கவில்லை. அதிலும் சிரில்தான் டிரம்ஸ். அடுத்த சனிக்கிழமை.